பதினாறு அவுன்ஸ் வெள்ளைக் கம்பளி

இப்போதெல்லாம் கடைக்குள் நுழைந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நாமே அலைந்து, நாமே எடுத்து, வாசலோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நீட்டினால் அவள் நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வசதி நாற்பத்தொன்பதாம் ஆண்டிலேயே வந்திருந்தால் வில்ஃப் கிராப்ட்ரீ இன்றுவரை கல்யாணம் ஆகாமல் திருமதி லம்மின் மாடி அறையில் கிடந்திருப்பான்.

வில்ஃப் தார்ன்பியில், மிஸ்டர் பூத்தின் மளிகைக் கடையில் பேக்கன், அதாவது உப்புப் போட்ட பன்றி இறைச்சி, வெட்டுகிறவன். பதினாலு வயதில் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளே வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கவுன்ட்டருக்குப் பின்னால் போனான். நடுவில் ஆறு வருடம் உலக யுத்தம். அங்கேயும் துப்பாக்கி பிடித்ததைவிட ராணுவக் கிடங்கில் சீஸ் வெட்டியதுதான் அதிகம். திரும்பி வந்து அதே ஆணியில் தொங்கிய அதே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டான். சீஸ் வெட்டும் கம்பி அவன் கையில் இருந்தால் தராசு சும்மா சாட்சிக்குத்தான். அரசாங்கம் ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் சீஸ் என்று ரேஷன் வைத்திருந்த காலம் அது. ஒரு துணுக்கு குறைந்தாலும் தார்ன்பிப் பெண்கள் கடையையே ரெண்டாக்கிவிடுவார்கள். வில்ஃப் வெட்டினால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சர்க்கரைக்கு நீலத் தாளில் அவன் போடும் பொட்டலத்தின் ஓரங்கள் இஸ்திரி போட்டது போல இருக்கும்.

ஒரே குறை, பெண்களிடம் அவனுக்குப் பேச வராது. கால் பவுண்டா, அரை பவுண்டா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டி வந்தால் இரண்டு காதும் சிவந்துவிடும். முப்பதை எட்டப் போகிற ஆள், பார்க்க லட்சணமானவன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இருந்தும் என்ன செய்வது? வாயைத் திறந்தால்தானே!

நான் வேலை பார்த்தது ஒன்பது மைல் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் வெல்டனில். மிஸ் ஆம்ப்ளரின் கம்பளி நூல் கடை. பட்டன், ரிப்பன், எலாஸ்டிக் எல்லாம் என் கவுன்ட்டர். கம்பளி முழுக்க மூரியல் ஹோல்ட்டின் பொறுப்பு. நெடுநெடுவென்று உயரம், மூக்கெல்லாம் புள்ளிகள், சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில், எங்கள் சின்னத் தேவாலயத்தில், பாடுவாள். மிஸ் ஆம்ப்ளருக்கோ வேலை நேரத்தில் சிரிப்பே ஆகாது. கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு உடையில் அவர் கடைக்கு நடுவே நின்றால், காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள் கடைகளுக்கு அரைநாள் விடுமுறை. மதியம் ஒரு மணி அடித்தால் மொத்தக் கடைவீதியும் ஷட்டரை இறக்கிவிடும். வெல்டனுக்குச் செவ்வாய்க்கிழமை, தார்ன்பிக்குப் புதன்கிழமை. புதன் மதியம் தார்ன்பியில் ஒரு குண்டூசி வாங்க முடியாது. அதனால் தார்ன்பிக் கடைப் பையன்கள் எல்லாம் ஒன்றேகால் பஸ்ஸைப் பிடித்து வெல்டனுக்கு வந்து, எங்கள் கடைகளின் கண்ணாடிகளை வேடிக்கை பார்த்தபடி திரிவார்கள். தினம் கடையிலேயே நிற்கிறவர்களுக்கு விடுமுறையிலும் கடைவீதிதான் வேண்டியிருந்தது, பாருங்கள். செவ்வாயன்று நாங்கள் தார்ன்பிக்குப் போய் அதையேதான் செய்தோம்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை. நல்ல மழை. குடை இல்லாத வில்ஃப் எங்கள் கடை வாசலில் ஒதுங்கினான். காற்று மாறியதும் சாரல் உள்ளே அடித்தது. அவன் ஓர் அடி பின்னால் வைத்தான். கதவு மணி கணீரென்று அடித்தது. அவ்வளவுதான், ஆள் கடைக்குள் வந்தாகிவிட்டது.

"என்ன வேணும் சார்?" என்றார் மிஸ் ஆம்ப்ளர்.

மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவனும் கடைக்காரன். கடைக்காரர் கேட்ட பிறகு ஒன்றும் வாங்காமல் வெளியே போவது எங்கள் ஊர்ப்பக்கம் யாராலும் ஆகாத காரியம். திருடிவிட்டுக்கூடப் போகலாம், சும்மா போக முடியாது. கவுன்ட்டரில் கண்ணில் பட்ட முதல் பின்னல் மாதிரித் தாளை வில்ஃப் தொட்டுக் காட்டினான்.

"இது," என்றான்.

அது பிறந்த குழந்தைக்கான சட்டை.

மூரியலின் முகம் மலர்ந்தது. "வெள்ளை மூணு இழை நூல் சார். மொத்தம் நாலு அவுன்ஸ் ஆகும். ஒண்ணா வாங்கணும்னு இல்லை. இப்ப ஒரு அவுன்ஸ் எடுத்துக்கோங்க, மீதியை உங்க பேர் எழுதித் தனியா எடுத்து வச்சிடறேன். வாராவாரம் ஒரு அவுன்ஸா வாங்கிக்கலாம். ஒரே ஈட்டுல ஒண்ணா வெளுத்த நூலா இருக்கணும், இல்லைன்னா வெள்ளையிலேயே ரெண்டு வெள்ளை தெரியும்."

இது எல்லாக் கம்பளிக் கடையிலும் உள்ள வழக்கம்தான். கம்பளிக்குக் கூப்பன் கேட்பது அந்த வருடம்தான் நின்றிருந்தது; எல்லாரும் இப்படித்தான் வாங்கினார்கள். வில்ஃப்புக்கு நூலைப் பற்றி ஒன்றும் புரியவில்லை. 'வாராவாரம்' என்ற ஒரு சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது. மூரியல் அந்த ஒரு அவுன்ஸைப் பழுப்புத் தாளில் வைத்து, நூலை ஒரே சுற்றில் சுற்றி, சுண்டி முடிந்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல முடிச்சு," என்றான்.

காது சிவந்திருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டான். அவன் பொட்டலம் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று தெரியும். எங்களுக்குத் தெரியாது. மூரியலுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. அன்று மாலைவரை எல்லாப் பொட்டலத்தையும் அதே மாதிரி முடிந்துகொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு மிஸ் ஆம்ப்ளர், "முதல் குழந்தைபோல. மனைவிக்காக மழையில வர்ற புருஷன் இந்தக் காலத்துல எத்தனை பேரு?" என்றார். மூரியல் ஆமாம் என்று தலையாட்டினாள். இப்படித்தான் ஒரு நிமிடத்தில், அவனைக் கேட்காமலே, நாங்கள் வில்ஃப்புக்குக் கல்யாணம் செய்து வைத்தோம்.

நாலு வாரம் வந்தான். நூல் தீர்ந்தது. குல்லாவும் காலுறையும் வேண்டும் என்றான். அதில் டிசம்பர் வந்தது. அப்புறம் ஒரு நாள் மாதிரிப் புத்தகத்தை இரவல் கேட்டு எடுத்துப் போனான். இதிலேயே அதிகமாக நூல் பிடிப்பது எது என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினானாம், பின்னால் அவனே என்னிடம் சொன்னான். கண்டுபிடித்தும் விட்டான். குழந்தையைச் சுற்றும் சால்வை, பதினாறு அவுன்ஸ். பதினாறு அவுன்ஸ் என்றால் பதினாறு புதன்கிழமை.

ஒவ்வொரு புதனும் அவர்கள் பேசியது ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, இரண்டு கடைக்காரர்கள் பேசுகிற பேச்சு. சணல் நூல் கிடைப்பதில்லை, பழுப்புத் தாள் முன்பு போல் இல்லை, ஈரம் பட்டதும் கிழிகிறது. தார்ன்பியில் ஒரு கிழவி சீஸை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள் என்று அவன் சொன்னபோது மூரியல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எங்களிடம் ஒரு அம்மாள் கம்பளியைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிப் பார்ப்பாள் என்று இவள் சொன்னாள். நான் பட்டன் டப்பாக்களைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு டப்பா, புதன்கிழமைகளில் அவை பளபளவென்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அன்று ஒரே ஒரு பஸ், மூரியலுக்கு மூன்று வேளை சேப்பல். அதைவிட முக்கியம், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டுமானால் யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். பெண்டாட்டி இருக்கிறவனை எந்தப் பெண் கேட்பாள்? அவனோ கேட்கிற ஜாதியே இல்லை.

ஏப்ரலில் சால்வை நூலும் தீர்ந்தது. அந்தப் புதன்கிழமை வில்ஃப் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"இன்னொரு சால்வைக்கு எடுத்து வைங்க மிஸ் ஹோல்ட்."

"இன்னொண்ணா?"

"அதே மாதிரி. பதினாறு அவுன்ஸ்."

அவன் வெளியே போய்க் கதவு மணி ஓய்ந்ததும் மிஸ் ஆம்ப்ளர் தன் வாழ்நாளில் முதல் முறையாக வேலை நேரத்தில் குரலை உயர்த்தினார்.

"இரட்டை!"

மே மாதமும் போனது. மிஸ் ஆம்ப்ளர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அக்டோபர்ல தொடங்கினாரு. இப்ப ஜூன் வந்தாச்சு. யானைக்குத்தான் இவ்வளவு மாசம் ஆகும். குழந்தைங்க பொறந்திருக்கும், கூச்சத்துல சொல்லலை, பாவம்." உடனே மூரியல் இரண்டு ஜோடி குட்டிக் காலுறைகளை, தூங்குகிற நேரத்தையும் சுருக்கிக்கொண்டு, பின்னி எடுத்து வந்தாள். அடுத்த புதன்கிழமை அதை அவனிடம் நீட்டினாள்.

"எங்க எல்லார் சார்பாவும், மிஸ்டர் கிராப்ட்ரீ. வீட்டுல குடுங்க."

வில்ஃப் அந்த நாலு காலுறைகளையும் பார்த்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. காது மட்டும் இல்லை, கழுத்தும் சிவந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. "நன்றி. ரொம்ப அழகா இருக்கு," என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஆளை அன்று பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது எனக்கு, இன்று நினைத்தாலும்.

அன்று மாலை பின்கட்டில் தேநீர் ஆற்றிக் குடிக்கும்போது மூரியல் சொன்னாள்.

"எட்னா, நான் ஸ்கார்பரோ போறேன். எங்க அத்தை அங்க கடற்கரையில தங்குற விடுதி நடத்தறாங்கல்ல, ஆள் வேணுமாம். இந்த மாசக் கடைசி சனிக்கிழமை கிளம்பறேன்."

"ஏண்டி? இங்க என்ன குறைச்சல்?"

அவள் கோப்பையையே பார்த்தாள். "புதன்கிழமை ஒரு மணி ஆனா என் கண்ணு வாசலுக்கே போகுது. அவருக்குப் பொண்டாட்டி இருக்கா, ரெண்டு குழந்தை இருக்கு. நான் சேப்பல்ல நின்னு பாடறவ. இது நல்லா இல்லை, எட்னா."

எனக்கு அழுகை வந்தது. எனக்குக் கோபமும் வந்தது, மூரியல்மேல் இல்லை, வில்ஃப்மேலும் இல்லை, முகமே தெரியாத அந்தப் பெண்டாட்டிமேல். இவ்வளவு நல்லவனை மழையில் கம்பளி வாங்க அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த மகராசி எப்படி இருப்பாள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான் அப்படிப்பட்டவள்தான், மறைக்க ஒன்றும் இல்லை. மூரியல் கிளம்ப இருந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, மூரியலிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுத் தனியாகத் தார்ன்பி பஸ் ஏறினேன்.

பூத் கடையில் எட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் ஒன்பதாவதாக நின்றேன். புது ரேஷன் புத்தகம் கொடுத்த வாரம் அது. எல்லார் கையிலும் புத்தகம். வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்தச் சடங்கு. எந்தக் கடையில் பேக்கனும் வெண்ணெயும் சர்க்கரையும் வாங்கப் போகிறோமோ அந்தக் கடையின் பேரை நாம் எழுத வேண்டும், கடைக்காரர் முத்திரை குத்தி அடிச்சீட்டைக் கிழித்து வைத்துக்கொள்வார். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு நாம் அவருக்குத்தான், அவர் நமக்குத்தான். வில்ஃப் முத்திரை குத்துவதும் பேக்கன் வெட்டுவதுமாக இருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை என்றதும் வாடியது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் முறை வந்தபோது எனக்குப் பின்னாலும் எட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் கேட்டேன்.

"மிஸ்டர் கிராப்ட்ரீ, குழந்தைங்க ரெண்டும் எப்படி இருக்கு?"

பேக்கன் வெட்டும் சக்கரம் நின்றது. வரிசையில் பேச்சு நின்றது. பின்னால் நின்ற பருத்த அம்மாள் கூடையைத் தரையில் வைத்தாள்.

"எந்தக் குழந்தைங்க?" என்றாள் ஒருத்தி.

"வில்ஃப்புக்கா? நம்ம வில்ஃப்புக்கா?" என்றாள் இன்னொருத்தி.

"பொண்டாட்டியே இல்லாம ரெண்டா?"

பருத்த அம்மாள்தான் திருமதி லம், அவன் குடியிருக்கும் வீட்டுக்காரி. மார்பில் கையை வைத்துக்கொண்டாள். "அப்போ கட்டிலுக்கடியில பெட்டி நிறையக் கம்பளி! நாலு காலுறை! நான் தூசி தட்டும்போது பார்த்தேன், ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை. வில்ஃப்ரெட், அந்தப் பொண்ணு யாரா இருந்தாலும் சரி, கட்டிக்கோ. என் வீடு மரியாதைப்பட்ட வீடு."

வில்ஃப் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டான். "குழந்தையே இல்லை," என்றான். "பொண்டாட்டியும் இல்லை. எனக்குப் பின்னவே தெரியாது."

"பின்ன எதுக்குய்யா அத்தனை கம்பளி?" என்று நான் கத்தினேன். நான் கத்தியதை எட்டுப் பெண்களும் ஆமோதித்தார்கள்.

அவன் கையை ஏப்ரனில் துடைத்தான். பிறகு, "முதல் வாரமே சொல்லியிருக்கணும்," என்றான். "ரெண்டாவது வாரம் சொன்னா, முதல் வாரம் சொன்னது பொய்னு ஆயிடும். மூணாவது வாரம் சொன்னா ரெண்டு வாரமும் பொய்யாயிடும். இப்ப முப்பத்தஞ்சு வாரம் ஆச்சு."

"யாருக்காக?" என்றாள் திருமதி லம், குரல் இறங்கி.

அவன் என்னைப் பார்த்தான். எட்டுப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். "நான் இல்லை, நான் இல்லை, நான் பட்டன்," என்றேன் அவசரமாக. "கம்பளி விக்கிறவ. மூரியல். சனிக்கிழமை ஸ்கார்பரோ போறா. வேலையும் பார்த்தாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. ரேஷன் புத்தகத்துல மட்டும் இன்னும் கடை பேரு எழுதலை. அங்க போய் எழுதிக்கிறேன்னு கைப்பையில வச்சிருக்கா."

வில்ஃப் வெட்டிய பேக்கனைப் பார்த்தேன். ஒரு பக்கம் தாள் போல, இன்னொரு பக்கம் பலகை போல இருந்தது. அடுத்து நின்ற பெண் அதை ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். "ஏம்ப்பா, நாளைக்கு உனக்கு அரைநாள்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மூரியலிடம் நான் மூச்சு விடவில்லை. என் வாயை மூடிவைத்த நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். இந்த ஆள் வருவான், நூலை வாங்குவான், நன்றி சொல்வான், போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவள் சனிக்கிழமை ரயில் ஏறிவிடுவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் மரியாதையாகக் கிழடாவார்கள்.

இரண்டு மணிக்கு முன்னாலேயே கதவு மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமைச் சூட் போட்டிருந்தான். மூரியல் அவன் பேர் எழுதிய பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"கொஞ்சம்தான் மீதி இருக்கு, மிஸ்டர் கிராப்ட்ரீ. இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துக்கோங்க. அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன்."

"வேண்டாம்," என்றான் வில்ஃப்.

கம்பளி வேண்டாம் என்று அவன் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. மிஸ் ஆம்ப்ளர் திரும்பிப் பார்த்தார்.

"இதைப் பின்ன ஆள் இல்லை, மிஸ் ஹோல்ட். எப்பவுமே இருந்ததில்லை. என் வீட்டுல யாரும் கிடையாது. மேல ஒரு ரூம், கீழ திருமதி லம். குழந்தை கிடையாது. அன்னைக்கு மழை பெஞ்சுது, அவ்வளவுதான்."

மூரியலின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் அன்றுதான் பார்த்தேன், ரொம்ப நன்றாக இருந்தது.

"நாலு காலுறை பின்னினேன்! கண்ணு அவிஞ்சு போற மாதிரி! உங்க குழந்தைங்களுக்காக நான் சேப்பல்ல ஜெபம்கூடப் பண்ணினேன்! நீங்க 'அழகா இருக்கு'ன்னு வாங்கிட்டுப் போனீங்க!"

"அழகாத்தான் இருந்துது," என்றான் அவன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

வில்ஃப் கோட்டுப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தான். பார்த்தால் மரக் கைப்பிடி போட்ட ரப்பர் முத்திரை. 'ஜே. பூத், மளிகை, தார்ன்பி.' கேட்காமல் எடுத்து வந்திருக்கிறான்! ஒரு மளிகைக்காரன் கடை முத்திரையைக் கடையைவிட்டு வெளியே கொண்டுபோவது எங்கள் காலத்தில் சாதாரணக் காரியம் இல்லை, வேலையே போயிருக்கும்.

"மிஸ் ஹோல்ட், நீங்க இன்னும் யார்கிட்டயும் பதிவு பண்ணலைன்னு கேள்விப்பட்டேன். ஸ்கார்பரோவுல யாரு வெட்டறானோ, எப்படி வெட்டறானோ தெரியாது. எங்கிட்ட பதிவு பண்ணுங்க. உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை அரைநாள். எனக்குச் செவ்வாய்க்கிழமை கடை உண்டு. ஒரு வருஷத்துக்கு வாராவாரம் நீங்க வந்துதான் ஆகணும். அரசாங்கச் சட்டம்."

அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான். அதற்கப்புறம் கல்யாணப் பந்தியில்கூட இவ்வளவு பேசவில்லை.

மூரியல் குனிந்து கைப்பையைத் திறந்தாள், ரேஷன் புத்தகத்தை எடுத்தாள், கவுன்ட்டர் பேனாவால், நல்ல பெரிய எழுத்தில், பூத் கடையின் பேரை எழுதினாள். புத்தகத்தைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினாள். வில்ஃப் முத்திரையை எடுத்து அழுத்தினான்.

ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினான். வெறும் பள்ளம்தான் விழுந்தது. மை அட்டையை எடுத்து வர மறந்திருக்கிறான், மகானுபாவன்!

அவன் முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியாது. அப்போது மிஸ் ஆம்ப்ளர், கறுப்பு உடை சரசரக்க, தன் மேஜைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்தார். ஊதா மை அட்டையை எடுத்து வந்து மூடியைக் கழற்றி இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"நேரா வைங்க, மிஸ்டர் கிராப்ட்ரீ," என்றார். "கோணலா விழுந்தா ஒரு வருஷம் பார்த்துட்டே இருக்கணும்."

நேராகத்தான் விழுந்தது. அவன் அடிச்சீட்டைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில், உள்பக்கம், வைத்துக்கொண்டான். ஸ்கார்பரோ அத்தைக்கு ஆள் வேண்டுமே என்று மூரியல் கவலைப்பட்டாள். ஒரு பருவம் முழுக்க நான் போய்த் தட்டுக் கழுவினேன். கடற்காற்று எனக்கு ஒத்துக்கொண்டது. அது வேறு கதை.

"செவ்வாய்க்கிழமை வர்றேன்," என்றாள் மூரியல். "ஆனா பேக்கனை வாங்கிட்டு உடனே கிளம்ப மாட்டேன்."

"கடை மூட ஆறு மணி ஆகும்," என்றான் வில்ஃப்.

"தெரியும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை, நான் ரயில் ஏறும் முன், அவளோடு பஸ்ஸில் தார்ன்பி வரை போய்க் கடை வாசலில் விட்டேன். பூத் கடைக் கவுன்ட்டருக்கு முன்னால் வாடிக்கையாளர் உட்காரவென்று ஒரே ஒரு நாற்காலி உண்டு. வரிசையில் கால் கடுக்க நிற்கிற பெண்கள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். மூரியல் நாலு துண்டு பேக்கனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். ஒன்றே முக்கால் முதல் ஆறு மணிவரை, வில்ஃப் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க, முட்டிவலிக்காரியான திருமதி லம் உட்பட, தார்ன்பிப் பெண்களில் ஒருத்திகூட அந்த நாற்காலியைக் கேட்கவில்லை.